விலகி வந்தவர்களின் கூட்டத்துக்குப் போகலாமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் பிரதேச சபையில் முன்பு இருந்த மூன்று பேர் தங்கள் பழைய கட்சிகளை விட்டு விலகி 'மக்கள் இயக்கம்' தொடங்குகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் கூட்டம். தம்பி போகத் துடிக்கிறான். அப்பாவோ, 'இருக்கிற கட்சிகள் காணாதோ, இன்னும் உடைக்கப் போறாங்களோ' என்று ஏசுகிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

த., நெடுங்கேணி

அன்புள்ள த.,

அப்பாவின் கோபம் விளங்குகிறது. 2024 பொதுத் தேர்தலன்று பெரியம்மாவை ஓட்டோவில் வாக்களிக்கக் கூட்டிப்போனேன். வழியில் கேட்டா: "தம்பி, வீட்டுக்குப் போட்டால் சங்குக்கும் போகும்தானே? ரெண்டும் எங்கட ஆக்கள்தானே?" வீடு தமிழரசுக் கட்சியின் சின்னம், சங்கு அதன் பழைய கூட்டாளிகள் சேர்ந்த ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியின் சின்னம். போகாது என்றேன். "அப்ப ஏன் பிரிஞ்சவை?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறே ஆசனங்கள். அந்தமுறை வீட்டுக்கு ஒன்று, சங்குக்கு ஒன்று, தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு.

ஆனாலும் உடைவதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். வீடே உடைந்து வந்த கட்சிதான். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த அரசிலேயே தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரானார். அதை ஏற்காமல் செல்வநாயகமும் வன்னியசிங்கமும் நாகநாதனும் தமிழ்க் காங்கிரசை விட்டு வெளியேறி, 1949 டிசம்பர் 18 அன்று கொழும்பு மருதானையில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். பறிபோனது அவர்களுடைய குடியுரிமை அல்ல, தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களுடையது. 1952 தேர்தலில் கிடைத்தது இரண்டு ஆசனம். காங்கேசன்துறையில் செல்வநாயகமே தோற்றார். 1956இல் பத்து.

1977 கலவரத்துக்குப் பிறகு அதே மலையகத்திலிருந்து அடிபட்டு வந்தவர்கள்தான் இங்கே காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளை எந்தக் கட்சியின் வேட்பாளர் பட்டியலிலும் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்காக யாராவது விலகியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பிறகு வந்த பிரிவுகள் உங்களுக்கே தெரியும். வீட்டுச் சின்னத்தில் ஒன்றாக நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பை விட்டு 2010இல் கஜேந்திரகுமார் பொன்னம்பலம், 2018இல் வடமாகாண முதலமைச்சராக இருந்த விக்னேஸ்வரன் போனார்கள்; 2023 தொடக்கத்தில் வீடு தனிவழி போக, கூட்டமைப்பில் மிஞ்சிய மற்றவர்கள் குத்துவிளக்குச் சின்னத்தை ஏற்றினார்கள். எல்லாரையும் பதவி ஆசைக்காரர் என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது அநியாயம். கஜேந்திரகுமார் தரப்பு 2010, 2015 என்று இரண்டு பொதுத் தேர்தலில் ஒரு ஆசனமும் இல்லாமல் நின்றது. பதவிதான் குறி என்றால் அவ்வளவு காலம் யார் காத்திருப்பார்கள்?

என்றாலும் எங்கள் தேர்தல் முறையே பிரிவுக்கு உரம் போடுகிறது. ஒரே பட்டியலில் நிற்பவர்கள் விருப்பு வாக்குக்காக (கட்சிக்குப் போட்ட பிறகு அதன் பட்டியலில் யாருக்கு என்று தனியாக இடும் வாக்கு) ஒருவரை ஒருவர் வெட்டுகிறார்கள். பக்கத்து வேட்பாளரின் சுவரொட்டியை இரவில் கிழிப்பது எதிர்க்கட்சிக்காரன் என்றா நினைக்கிறீர்கள்? அங்கே முளைக்கிற பகைதான் பல இடங்களில் பின்னர் 'கொள்கை முரண்பாடு' என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. வேட்பாளர் பட்டியல் வந்த மறுநாளே கொள்கை உறுத்தத் தொடங்கினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சரி, ஞாயிறு விஷயம். தம்பி போகட்டும், அப்பாவும் கூடப் போனால் இன்னும் நல்லது. ஒன்றை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: சண்டையில் விட்டுவிட்டுப் போன காணிகளுக்குள் வன இலாகா எல்லைக்கல் நட்டபோது நீங்கள் கட்சியில்தானே இருந்தீர்கள், அன்றைக்கு ஏன் விலகவில்லை? என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள். பெரியம்மாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.