ஊரோடு குடிபெயர ஓர் இடம்

அன்புள்ள ஐயா,

நார்வேயின் வடகோடியில், வராங்கர் ஃபியோர்டு என்ற நீண்ட கடல்குடாவின் கரையில் புகோய்னெஸ் என்றொரு சின்ன மீனவ ஊர். அதன் படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே கிடக்கிறது. மர வீடுகள், பின்னால் மொட்டை மலை, அமைதி. திருப்பூரில் பனியன் கம்பெனி இரைச்சலில் இருபது வருடம் ஓட்டிவிட்டேன். அங்கே பிறந்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது. பைத்தியக்காரத்தனமா?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

பைத்தியக்காரத்தனம் இல்லை. படத்தில் சத்தம் கேட்காது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. அதே ஊர்க்காரர்கள் 1989இல் நாளிதழில் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள்: தெற்கே எந்த ஊராவது எங்கள் எல்லோரையும் மொத்தமாகக் குடியேற்றிக்கொள்ளுமா என்று! வீடு விற்பனைக்கு என்று விளம்பரம் பார்த்திருக்கிறோம். இது ஊரே வேறு ஊர் தேடிய கதை. அங்கிருந்த மீன் ஆலை திவாலாகியிருந்தது. பேரண்ட்ஸ் கடலில் காட் மீனும் குறைந்துபோயிருந்தது. பிடித்ததைக் கரையில் வாங்க ஆளில்லை என்றால் படகு எதற்கு?

இத்தனைக்கும் அவர்கள் லேசில் கிளம்புகிற ஆட்கள் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பஞ்சத்துக்குத் தப்பி பின்லாந்திலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். குவேன் என்று பெயர். 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை அந்த வடகோடி மாவட்டமான ஃபின்மார்க் முழுவதையும் கொளுத்திக்கொண்டே போனபோது தப்பிய மிகச் சில ஊர்களில் இதுவும் ஒன்று. நீங்கள் ரசித்த பழைய மர வீடுகள் நிற்பது அதனால்தான்.

அப்புறம் அந்த ஊரைத் தூக்கி நிறுத்தியது ஒரு நண்டு. பசிபிக் கடலின் கிங் கிராப்பை 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். நண்டுக்கு எல்லைக்கோடு தெரியுமா? கடலடியில் நடந்தே நார்வேக்குள் வந்துவிட்டது. பெரிய நண்டு காலை விரித்தால் ஓர் ஆள் நீளம் இருக்கும். முதலில் மீனவர்களுக்கு அது சனியன்தான். காட் மீனுக்குப் போட்ட வலையில் சிக்கி வலையைப் பாழாக்கியது. 2002இல் வணிகத்துக்குப் பிடிக்க அனுமதி வந்ததும் கதை மாறியது. இன்று அந்தக் கடலோர நண்டு உயிரோடு விமானம் ஏறி தென்கொரியா வரை போகிறது.

அரசுக்கு மட்டும் இன்னும் இரண்டு மனசு. கடலடியில் இருக்கிற சிப்பி, நட்சத்திர மீன் எல்லாவற்றையும் இந்த நண்டு தின்று தீர்க்கிறது. ஆனால் காசும் தருகிறது. அதனால் கிழக்கே இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அளவு வைத்து அதைக் காப்பாற்றுகிறார்கள். நார்வேயின் வடகோடி முனையான நார்த் கேப்புக்கு மேற்கே எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்து ஒழியுங்கள் என்கிறார்கள். ஒரே நண்டு, ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் செல்வம், அந்தப் பக்கம் பீடை.

சரி, ஊர் என்ன ஆயிற்று என்கிறீர்களா? சிலர் போனார்கள், பலர் இருந்துவிட்டார்கள். இன்று சுமார் 200 பேர்.

போய்ப் பார்ப்பதென்றால் நள்ளிரவிலும் வெயில் அடிக்கும் ஜூலையில் போகாதீர்கள், அது எல்லோரும் போகிற மாதம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் எட்டிக்கூடப் பார்க்காது. அப்போது ஒரு வாரம் தங்கிவிட்டு வந்து எழுதுங்கள். நண்டு சாப்பிட்டால் விலையையும் எழுதுங்கள்.