மரப் பியோனியை எதைப் பார்த்து வாங்குவது? – தோட்டக்கலை கேள்வி-பதில்

குளிர்நாடுகளில் வசிக்கும் வாசகர்கள் பலர், பெரிய பூக்கள் பூக்கும் புதர்ச்செடியான மரப் பியோனியைக் குறித்துக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அதை நடுவதற்கு ஏற்ற பருவம் செப்டம்பரும் அக்டோபரின் முற்பாதியும் என்பதால், இந்த முறை பக்கம் முழுவதையும் அந்த ஒரு செடிக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு முன்புறத்தில் சாதாரணப் பியோனி பல ஆண்டுகளாக நன்றாகப் பூக்கிறது. இந்த ஆண்டு மரப் பியோனி ஒன்று வைக்க ஆசை. நர்சரியின் விலைப்பட்டியலில் சீன வகை, ஜப்பானிய வகை, ராக் வகை என்று பலவும் இருக்கின்றன. எதை வாங்குவது?
– ஒரு வாசகி, மார்க்கம், கனடா

பதில்: நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் ஊரின் குளிரையும், பூக்கும் மாதத்தில் பெய்யும் மழையையும் பாருங்கள். சாதாரணப் பியோனி பனிக்காலம் வந்ததும் தரைமட்டம் வரை மடிந்து, வசந்தத்தில் மண்ணுக்குள்ளிருந்து மீண்டும் துளிர்க்கும். மரப் பியோனியோ இலைகளை மட்டும் உதிர்த்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கான மொட்டுகளைத் தண்டின் நுனியிலேயே வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுவதும் வெட்டவெளியில் நிற்கும். ஆகவே தண்டும் மொட்டும் குளிரைத் தாங்குமா என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அந்த வகையில் உங்கள் பகுதிக்கு நான் முதலில் சொல்வது ராக் வகையைத்தான். சீனாவின் வடமேற்கிலுள்ள கான்சு மாகாணத்தின் கடுங்குளிருக்கும் வறட்சிக்கும் பழகிய இனம் அது. தாவரங்களைத் தேடிச் சீனாவின் மலைப்பகுதிகளில் சுற்றிய ஜோசப் ராக், 1925-ஆம் ஆண்டுவாக்கில் அம்மாகாணத்தின் சோனி மடாலயத்தில் தங்கியிருந்தபோது, அதன் முற்றத்தில் வளர்ந்த செடியின் விதைகளை அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள அர்னால்டு தாவரப் பூங்காவுக்கு அனுப்பினார். மேற்கத்தியத் தோட்டங்களில் அச்செடி அவர் பெயராலேயே வழங்குவது அதனால்தான். ஒவ்வொரு இதழின் அடியிலும் கருஞ்சிவப்புத் திட்டு ஒன்று இருக்கும். வெள்ளைப் பூவின் நடுவே, மஞ்சள் மகரந்தக் கற்றையைச் சுற்றி அந்தத் திட்டுகள் ஒரு வளையமாக அமைந்திருப்பதைக் கண்டவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள்.

அடுத்ததாக ஜப்பானிய வகைகளைச் சொல்வேன். இவற்றில் இதழ்கள் அளவாக இருப்பதால் பூ இலைகளுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். வெள்ளைக்கு ‘ரெங்காகு’, சிவப்புக்கு ‘தையோ’, ஒரே பூவில் சிவப்பும் வெள்ளையும் கீற்றுக் கீற்றாக வேண்டுமென்றால் ‘ஷிமானிஷிகி’ ஆகியவை நம்பி வாங்கக்கூடியவை. சீனாவின் நடுச் சமவெளியிலிருந்து வரும் அடுக்குப் பூ வகைகள் படத்தில் பார்க்க மிக அழகானவை. ஆனால் இதழ்களுக்கிடையே மழைநீர் தேங்கியவுடன் பூ கனம் தாங்காமல் தலைகவிழ்ந்துவிடும். மே மாதத்தில் அடிக்கடி மழை பெய்யும் ஊரில், கூரையின் ஓரத்து ஒதுக்குப்புறம் கிடைத்தாலொழிய அவற்றை முதல் செடியாக வாங்க வேண்டாம். பளிச்சென்ற மஞ்சள் வேண்டுமென்றால், நியூயார்க் மாநிலத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஏ.பி. சாண்டர்ஸ் உருவாக்கி 1952-இல் பதிவான ‘ஹை நூன்’ இருக்கிறது. யுன்னான் மலைகளில் வளரும் காட்டு மஞ்சள் இனத்தின் கலப்பு அது. சில ஆண்டுகளில் கோடையின் பிற்பகுதியில் இரண்டாம் முறையாகவும் இரண்டொரு பூ கொடுக்கும்.

கேள்வி: வெறும் வேராகவும் விற்கிறார்கள், தொட்டியில் வளர்த்தும் விற்கிறார்கள். எதை வாங்க வேண்டும்? எவ்வளவு ஆழத்தில் நட வேண்டும்?
– ஒரு வாசகர், மிசிசாகா, கனடா

பதில்: இலையுதிர்காலத்தில் வாங்குவதாக இருந்தால் வெறும் வேராகவே வாங்குங்கள், வாங்குவது என்ன என்பது கண்ணுக்குத் தெரியும். செடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கீழே விரல் பருமனில், வெளிறிய பழுப்பு நிறத்தில், சதைப்பற்றுள்ள ஒரு வேர் இருக்கும்; அது சாதாரணப் பியோனியின் வேர். அதன் தலையில் ஆப்பு வடிவில் சீவிச் செருகிய மரத்தண்டுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் மரப் பியோனி. பட்டையின் நிறமும் தன்மையும் சட்டென்று மாறுகிற அந்தக் கோடுதான் ஒட்டு. ஒட்டுக்கு மேலே குறைந்தது இரண்டு தண்டுகளும், ஒவ்வொன்றிலும் செம்மை படர்ந்த பருத்த மொட்டுகளும் இருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமானது, ஒட்டுக்குச் சற்று மேலே தண்டிலிருந்து மெல்லிய புதுவேர்கள் கிளம்பியிருக்கின்றனவா என்று பார்ப்பது. அப்படிக் கிளம்பியிருந்தால், விலை கூடுதலாக இருந்தாலும் அந்தச் செடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுக்கட்டி ஓராண்டே ஆன ஒற்றைக் குச்சிகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பூவைக் காண மூன்று நான்கு ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும்.

நடும்போது ஒட்டுக்கோடு மண்மட்டத்திலிருந்து 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் புதைய வேண்டும். சாதாரணப் பியோனியில் மொட்டுக்கண் (வேரின் தலையில் துளிர் கிளம்பும் மொட்டு) 5 செ.மீ. ஆழத்துக்குக் கீழே போனால் பூக்காது என்று கேட்டுப் பழகியவர்கள், அதே கணக்கில் மரப் பியோனியையும் மேலாக நட்டுவிடுகிறார்கள். இச்செடி சரியாக வளராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். சாதாரணப் பியோனியின் வேர் இங்கே சில ஆண்டுகளுக்குப் பாலூட்டும் செவிலித்தாய் மட்டுமே. மண்ணுக்குள் புதைந்த மரத்தண்டு தனக்கென்று வேர்விட்ட பிறகுதான் செடி சொந்தக் காலில் நின்று, நூறாண்டு வாழத்தக்க புதராக மாறும். மேலாக நட்டால் தண்டு வேர்விட வழியே இல்லை.

குழியை அரை மீட்டர் ஆழத்துக்கும் அகலத்துக்கும் தோண்டி, நன்கு மட்கிய உரத்தோடு ஒரு கைப்பிடி எலும்புத்தூளும் மண்ணில் கலந்து நிரப்புங்கள். களிமண்ணாக இருந்தால் பாத்தியைச் சற்று உயர்த்தி அமையுங்கள். குளிர்காலத்தில் வேரடியில் நீர் நின்றால் எந்த வகையும் பிழைக்காது. காலையில் நல்ல வெயிலும் பிற்பகலில் மெல்லிய நிழலும் விழுகிற இடம் சிறந்தது; பெரிய மரத்தின் வேர்கள் ஓடும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை மீட்டர் இடைவெளி வேண்டும், ஏனென்றால் பிறகு இடம் மாற்றுவதை இது விரும்பாது. தழைச்சத்து மிகுந்த உரத்தை, குறிப்பாகப் புல்தரைக்கு இடும் உரத்தை, அருகில் கொண்டுபோக வேண்டாம். இலை செழிக்கும், பூ குறையும், நோயும் எளிதில் பற்றும்.

கேள்வி: நட்டு நான்காண்டுகள் ஆகின்றன. முதலில் இருந்த மரத்தண்டு மெலிந்து வருகிறது. அடியிலிருந்து மட்டும் ஏராளமான துளிர்கள் பளபளப்பான இலைகளோடு எழும்புகின்றன. செடி செழிப்பதாக நினைத்து மகிழலாமா?
– ஒரு வாசகர், ஸ்காபரோ, கனடா

பதில்: மகிழ வேண்டாம்; உடனே செடியருகில் உட்கார்ந்து இரண்டு இலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மரப் பியோனியின் இலை பளபளப்பில்லாமல், சற்று நீலம் பாய்ந்த பச்சையில், நுனி இரண்டு மூன்றாகப் பிளவுபட்டிருக்கும். வேர்ச்செடியின், அதாவது ஒட்டுக்குக் கீழே வேராக இருக்கும் சாதாரணப் பியோனியின், சிற்றிலைகள் பிளவில்லாமல் நீண்டு, அடர்பச்சையில் மின்னும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், எழும்புபவை வேர்ச்செடியின் துளிர்களாகவே இருக்க வேண்டும். மண்ணைக் கையால் விலக்கி, அவை கிளம்புகிற இடம் வரை போய், வேரோடு ஒட்டப் பிய்த்தெடுங்கள். மண்மட்டத்தில் வெட்டினால் இன்னும் அதிகமாக வரும். செப்டம்பரில் செடியை மண்ணோடு கிளப்பி, ஒட்டுப் பகுதி ஆழத்தில் அமையுமாறு மறுபடி நடுங்கள். ஓரிரண்டு ஆண்டு பூ நின்றாலும் செடி மீண்டுவிடும்.

கேள்வி: தோட்ட வேலைக்கு வந்தவர் நவம்பரில் எல்லாப் பியோனிகளையும் தரைமட்டத்துக்கு வெட்டும்போது மரப் பியோனியையும் சேர்த்து வெட்டிவிட்டார். பிழைக்குமா?
– ஒரு வாசகி, ஆட்டவா, கனடா

பதில்: தண்டு ஆழமாக நடப்பட்டுச் சொந்த வேர் விட்டிருந்தால் மண்ணுக்குள்ளிருந்து மீண்டும் துளிர்க்கும்; அடுத்த ஆண்டுப் பூ மட்டும் போயிற்று. இச்செடிக்குக் கவாத்து என்று தனியாக எதுவும் தேவையில்லை. குளிர் விலகும் நேரத்தில் காய்ந்த நுனிகளை உயிருள்ள மொட்டுக்குச் சற்று மேலே நறுக்கிவிடுவதும், பூ முடிந்ததும் விதைக்காய் பிடிக்காமல் கிள்ளிவிடுவதும் போதும்.

கேள்வி: ஏப்ரல் இறுதியில் நன்றாக இருந்த இளந்தண்டுகள் திடீரென்று வாடி, அடிப்பகுதி கறுத்துச் சாய்கின்றன. தண்ணீர் போதவில்லையா?
– ஒரு வாசகர், ஹாரோ, இங்கிலாந்து

பதில்: தண்ணீர் கூடியதால் வருவது இது. கறுத்த இடத்தை ஈரமான காலைப்பொழுதில் உற்றுப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூசணம் படர்ந்திருப்பது தெரியும். பியோனி வாடல் எனப்படும் பூஞ்சை நோய் அது. குளிர்ந்த, ஈரமான வசந்தத்தில் இங்கிலாந்துத் தோட்டங்களில் அடிக்கடி வருவது. வாடிய தண்டை நல்ல திசு தெரியும் வரை கீழே வெட்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள். மட்கு உரக் குழியில் போட வேண்டாம். இலையுதிர்காலத்தில் விழுந்த இலைகளை ஒன்று விடாமல் பொறுக்கி அகற்றுவதுதான் உண்மையான மருந்து, ஏனென்றால் பூஞ்சை அடுத்த ஆண்டு வரை அவற்றில்தான் தங்குகிறது. தண்டைச் சுற்றி மூடாக்கைக் குவித்து வைத்திருந்தால் விலக்கிவிடுங்கள்; காற்று புழங்கட்டும். வேர் கெடாத வரை செடி சாகாது.

கேள்வி: கொடைக்கானலில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. ரோஜாவும் டேலியாவும் அருமையாக வருகின்றன. மரப் பியோனியை முயன்று பார்க்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வேண்டாம் என்றுதான் சொல்வேன். இச்செடியின் மொட்டு உறக்கம் கலைந்து விரிவதற்கு, வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்குக் கீழாகவோ பல வாரங்கள் தொடர்ந்து இருக்க வேண்டும். கொடைக்கானலிலும் உதகையிலும் சில இரவுகளில் கடுங்குளிர் அடித்தாலும் பகலில் வெயில் ஏறிவிடுகிறது. அந்தக் குளிர் கணக்கில் சேராது. மலைமண்ணின் புளிப்புத்தன்மையும் இதற்கு ஒவ்வாது. இது விரும்புவது நடுநிலையான அல்லது சற்றே சுண்ணாம்புச் சாரமுள்ள மண். இந்தியாவில் பியோனியைக் காண விரும்பினால் காஷ்மீர் முதல் குமாவுன் வரையிலான இமயமலைச் சரிவுகளுக்குத்தான் போக வேண்டும். அங்கே வெள்ளைப் பூப்பூக்கும் பியோனி ஒன்று காட்டுச் செடியாக இயல்பாகவே வளர்கிறது. ஆனால் அது மரவகை அன்று.

கேள்வி: இணையத்தில் மஞ்சள் என்று வாங்கிய செடி மூன்றாண்டு கழித்து இளஞ்சிவப்பாகப் பூத்தது. நீலப் பூ என்றும் விற்கிறார்கள். எப்படி நம்புவது?
– ஒரு வாசகர், சூரிக், சுவிட்சர்லாந்து

பதில்: நீல மரப் பியோனி என்று ஒன்று கிடையாது. சீனப் பெயர்களில் நீலம் என்று வந்தாலும் பூ இளம் ஊதாவாகத்தான் இருக்கும். கடல்நீலப் படத்தோடு விற்பவை திருத்தப்பட்ட படங்கள். பெயர் மாறி வரும் குறை, மொத்தமாக இறக்குமதியாகும் மலிவான ஒட்டுச் செடிகளில் மிகுதி. தங்கள் நிலத்திலேயே வளர்த்து, பூக்க விட்டு, பெயரை உறுதிசெய்த பிறகு விற்கும் நர்சரியிடம் வாங்குவதே வழி. முடிந்தால் மே மாதத்தில் நேரில் போய், பூத்திருக்கும் செடியைப் பார்த்து முன்பதிவு செய்து, இலையுதிர்காலத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இந்த அச்சம் புதிதல்ல. சீனாவில் மரப் பியோனிக்குப் பேர்போன லோயாங் நகரின் பூக்களைப் பற்றி, சோங் அரசமரபின் அறிஞர் ஓயாங் சியூ 1034-ஆம் ஆண்டையொட்டி ஒரு குறிப்பு எழுதினார். அந்நாளில் முதலிடத்தில் வைக்கப்பட்ட ‘யாவ் மஞ்சள்’ வகையின் ஓர் ஒட்டு 5,000 காசு பெறும் என்றும், வாங்குபவர்கள் இலையுதிர்காலத்தில் ஒப்பந்தம் எழுதி, வசந்தத்தில் பூவைப் பார்த்த பின்பே பணம் கொடுப்பார்கள் என்றும் அதில் சொல்கிறார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர்களுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு இன்றைய வாடிக்கையாளருக்கும் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். விற்பவரிடம் பெயர் பிழைத்தால் மாற்றித் தருவீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ‘ஈட்டோ’ பியோனி என்பதும் மரப் பியோனிதானா?
– ஒரு வாசகி, பிராம்ப்டன், கனடா

பதில்: சாதாரணப் பியோனிக்கும் மரப் பியோனிக்கும் பிறந்த கலப்பினம் அது. ஜப்பானின் தோயிச்சி ஈட்டோ 1948-இல், பெரும் முயற்சிக்குப் பின், சாதாரணப் பியோனியையும் மஞ்சள் மரப் பியோனிக் கலப்பையும் இணைத்து விதை எடுத்தார். அவர் 1956-இல் காலமானார். நாற்றுகள் முதன்முதலில் பூத்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். இலையும் பூவும் மரப் பியோனியைப் போலிருக்கும். குளிர்காலத்தில் தண்டு மடிந்துவிடும் என்பதால் இதை மட்டும் தாராளமாக வெட்டலாம். மொட்டுக்கண்களை 5 செ.மீ. ஆழத்தில் நட்டால் போதும். பொறுமை குறைந்தவர்களுக்கும், பனிக்காற்று நேராக அடிக்கும் இடங்களுக்கும், மஞ்சள் நிறத்தில் ‘பார்ட்ஸெல்லா’ மிக ஏற்றது.

கேள்வி: நண்பர் வீட்டு ராக் வகைச் செடியிலிருந்து கறுப்பு விதைகள் கிடைத்தன. மண்ணில் போட்டு ஓராண்டாகியும் முளைக்கவில்லை. எறிந்துவிடலாமா?
– ஒரு வாசகர், எடின்பரோ, ஸ்காட்லாந்து

பதில்: எறிந்துவிடாதீர்கள். இவ்விதைக்கு உறக்கம் இரண்டு கட்டமாகக் கலைகிறது. முதலில் மிதமான வெப்பத்தில் வேர் மட்டும் இறங்கும். பிறகு ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் முளை மேலே வரும். ஒரு விதையை மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். வெள்ளை வேர் நீண்டிருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். அதை அப்படியே மூடிவிட்டு, தொட்டியை எலி அண்டாதபடி வலையிட்டு, வெளிக்குளிரிலேயே வைத்திருங்கள். முதல் ஆண்டில் ஓர் இலை மட்டும் வரும். பூக்க ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். நிறம் தாய்ச்செடியைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் நாற்றுகளைத் தனித்தனியாகப் பிரித்து ஆழமான தொட்டிகளுக்கு மாற்றுங்கள். ஆணிவேர் நீளமாக இறங்கியிருக்கும் என்பதால் பிரிக்கும்போது அது ஒடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.