நிர்வாகத்தோடு கூட்டுக் குழு: சங்கம் சேரலாமா?

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் 240 பேர் வேலை செய்கிறோம். ஷிப்ட் நேரம், கேன்டீன், பிரஸ் ஷாப் (தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் பிரிவு) வெக்கை இவற்றையெல்லாம் பேசித் தீர்க்கக் கூட்டுக் குழு அமைக்கலாம் என்கிறது நிர்வாகம். சங்கத்தை ஓரங்கட்டத்தான் இது என்கிறார்கள் சில தோழர்கள். சேரலாமா? (சங்கச் செயலாளர்)

பதில்: சேருங்கள். ஆனால் உங்கள் பட்டியலில் முதலில் உள்ள ஷிப்ட் நேரத்தை மட்டும் அந்த மேசையில் முடிவு செய்யாதீர்கள்.

நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒர்க்ஸ் கமிட்டி, அதாவது நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்த கூட்டுக் குழு, அமைக்கச் சொல்லி அரசு உத்தரவிடலாம் என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டமே வழிசெய்தது. 2020இன் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் அதைத் தொடர்கிறது. தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத் தரப்பை விடக் குறையக் கூடாது; பதிவு பெற்ற சங்கத்தைக் கலந்தே அவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எச்.ஆர். துறை தனக்குப் பிடித்த நான்கு பேரை உட்காரவைத்தால் அது கூட்டுக் குழுவே இல்லை. அப்போது தோழர்களின் சந்தேகம் நியாயம்தான்.

அந்தப் பயத்துக்குப் பழைய காரணம் உண்டு. வங்காளத்துச் சணல் ஆலைகளில், ஆட்களைக் குறைத்து வேலைப்பளுவைக் கூட்டும் திட்டத்துக்கு ஒர்க்ஸ் கமிட்டி ஒப்புக்கொண்டது, தொழிலாளர்கள் மறுத்தார்கள். நார்த்புரூக் ஜூட் கம்பெனி வழக்கு என்று பேர் பெற்ற அதில், 1960இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தொழிலாளர் எல்லாருக்குமாக நிர்வாகத்தோடு பேசி ஒப்பந்தம் போடும் கூட்டுப் பேரத்தில் சங்கத்தின் இடத்தை ஒர்க்ஸ் கமிட்டி பிடிக்க முடியாது, பணி நிலைமைகளில் பெரிய மாற்றத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் அதற்கில்லை.

வேலை நேரம், இடைவேளை, ஷிப்ட் முறை எல்லாம் முன்னறிவிப்பு கொடுத்தே மாற்ற வேண்டிய பணி நிலைமைகள். ஆகவே சம்பளம், போனஸ், உற்பத்தி அளவு, ஆள் எண்ணிக்கை, ஷிப்ட் ஆகிய ஐந்தும் சங்கத்தோடு மட்டுமே பேசப்படும் என்று குழு விதியிலேயே எழுதி வாங்குங்கள். இதற்கு நல்ல நிர்வாகம் தயங்காது.

முதல் வேலையாகப் பிரஸ் ஷாப் வெக்கையை எடுங்கள். இரு தரப்பும் சேர்ந்து ஒரு வாரம், ஒவ்வொரு ஷிப்டிலும், ஆள் நிற்கும் இடத்திலேயே வெப்பத்தைக் குறித்து வையுங்கள். எந்த ஃபேன் சூடான காற்றைத்தான் சுற்றிவிடுகிறது, குடிநீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த மெஷினில் ஆள் மாற்றிவிட முடியும் என்பதெல்லாம் அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும். அதே வெக்கையில் நிற்கும் கான்ட்ராக்ட் தொழிலாளரையும் கேளுங்கள். அவர்களை விட்டுவிட்டு எடுக்கும் முடிவு பாதி முடிவுதான். கேன்டீன் சாப்பாடு அடுத்த மாதம் பேசக்கூடியது.

நிர்வாகத் தரப்பில் செலவுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரமுள்ள ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கூட்டுக் குழுக்கள் பெரும்பாலும் வாடிப்போவது இது இல்லாமல்தான். ஜாம்ஷெட்பூர் டாடா உருக்காலையில் 1956இல் சங்கமும் நிர்வாகமும் போட்ட ஒப்பந்தம் துறை மட்டத்திலிருந்து மேல் மட்டம் வரை மூன்று அடுக்காகக் குழுக்களை அமைத்தது. கீழே முடியாதது மேலே போக வழி இருந்தது. உங்கள் ஆலைக்கு இரண்டு அடுக்கு போதும்: துறைக் குழு, அதற்கு மேல் ஆலைத் தலைவர்.

யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் மினிட்ஸ் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். மூன்று கூட்டம் கழிந்தும் ஒரு வேலைகூட முடியவில்லை என்றால், தொடர்வதா விலகுவதா என்பதைப் பொதுக்குழுவில் வைத்து முடிவெடுங்கள்.