கேள்வி - பதில்: படக் குவியலில் ஒரு படம்

கேள்வி: 2004ஆம் ஆண்டு முதல் மூன்று கேமராக்களிலும் இரண்டு செல்பேசிகளிலும் எடுத்த படங்கள், ஏறத்தாழ 38,000, ஒரே ஹார்டு டிஸ்கில் கிடக்கின்றன. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவன்று எங்கள் வீட்டு வாசலில் என் தாயார் தேங்காய்த் தட்டுடன் நிற்கும் படம் ஒன்று அவற்றுள் உண்டு. எந்த ஆண்டு எடுத்தது என்பது நினைவில் இல்லை. அம்மாவின் முதலாண்டுத் திதிக்கு அதைப் பெரிதாக்கிச் சட்டமிட விரும்புகிறேன். பத்து நாட்களாகத் தேடியும் அகப்படவில்லை.
- ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், குடியாத்தம்

பதில்: தேட வேண்டிய நாள் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, ஐயா. சிரசுத் திருவிழா ஆண்டுதோறும் வைகாசி முதல் நாளன்று நடப்பது. வைகாசி பிறப்பது மே 14 அல்லது 15. ஆகவே 2004 தொடங்கி ஒவ்வோர் ஆண்டிலும் இந்த இரண்டு நாட்களின் படங்களை மட்டும் பார்த்தால் போதும். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மே மாதத்தில் ஊரடங்கு இருந்ததால் அவற்றைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். ரத்தினகிரி ஆடிக் கிருத்திகையாக இருந்திருந்தால் இவ்வளவு எளிதன்று. அது நட்சத்திரத்தைப் பொறுத்து மாறுவதால், பழைய பஞ்சாங்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

எந்தத் தேதியைப் பார்க்கிறீர்கள் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். கணினி முதலில் காட்டுவது பெரும்பாலும் ஃபைல் திருத்தப்பட்ட தேதியையோ, இந்த ஹார்டு டிஸ்குக்கு வந்து சேர்ந்த தேதியையோதான். படம் எடுக்கப்பட்ட நாளும் நேரமும் ஃபைலுக்குள்ளேயே தனியாக எழுதப்பட்டிருக்கும். 1995இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட எக்ஸிஃப் என்னும் முறைப்படி ஏறத்தாழ எல்லா டிஜிட்டல் கேமராக்களும் அதைப் பதிகின்றன. விண்டோஸில் ‘டேட் டேக்கன்’ என்ற தலைப்பில் வருவது அதுவே. படங்கள் பல ஃபோல்டர்களில் சிதறியிருப்பின், விலையின்றிக் கிடைக்கும் டிஜிகேம் என்ற மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். அது படங்களை இடம் மாற்றாமல், இருக்கும் இடத்திலேயே வைத்து நாள்வாரியாக அடுக்கிக் காட்டும். முதன்முறை எல்லாவற்றையும் படித்து முடிக்க நெடுநேரம் பிடிக்கும் என்பதால், இரவில் ஓடவிட்டு உறங்கச் செல்வது நல்லது.

அந்த நாட்களில் படம் இல்லையென்றால் உடனே சோர்ந்துவிட வேண்டாம். கேமராவின் கடிகாரமே பொய் சொல்லியிருக்கலாம். ஆற்காட்டில் உறவினர் திருமணத்தன்று என் பழைய கேமராவுக்கு பேட்டரி மாற்றினேன். அது தேதியைக் கேட்டது. தாலி கட்டும் அவசரத்தில் நான் ஓகேயை அழுத்திவிட்டேன். அத்திருமணம் முழுவதும் 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று நடந்ததாகவே பதிவாயிற்று. மணமக்களின் குழந்தை பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய பிறகுதான் படங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஆகவே அடுக்கின் தொடக்கத்தில், நீங்கள் கேமரா வாங்குவதற்கும் முந்தைய தேதியில் படங்கள் கூட்டமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றால், அவற்றுள் பின்னணியில் தினசரி நாட்காட்டி தெரியும் படம் ஒன்றைத் தேடுங்கள். எங்கள் கூடத்து நாட்காட்டியின் கிழிக்காத தாளைப் பெரிதாக்கிப் படித்து, இப்படி இரண்டு பொங்கல்களின் தேதிகளை மீட்டிருக்கிறேன். ஒரு படத்தின் உண்மையான நாள் தெரிந்துவிட்டால், அதே வித்தியாசத்தை மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே முறையில் கூட்டிவிட டிஜிகேமிலேயே வசதி உண்டு.

மற்றொன்று, படம் வாட்ஸ்அப் வழியாக வந்ததாக இருக்கலாம். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் உள்ளே எழுதிய தேதியை நீக்கிவிடும்; ஃபைலின் பெயரிலுள்ள எட்டு இலக்கங்கள் படம் கைமாறிய நாளைக் காட்டுமேயன்றி எடுத்த நாளைக் காட்டா. அப்படிக் கிடைத்தாலும் அது சுருக்கப்பட்ட படமாதலால் பெரிதாக்கினால் மங்கும். அனுப்பியவரிடம் மூலப்படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: செல்பேசியில் என் மகளின் முகத்தைத் தொட்டால் அவள் படங்கள் யாவும் வரும் என்கிறார்கள். எனக்கோ அவளுடைய ஐந்து வயது வரையிலான படங்கள் மட்டுமே வருகின்றன.
- வாசகி, ராணிப்பேட்டை

பதில்: வளர்ந்த முகத்தை வேறொருவராகக் கருதி, தனிக் குழுவாகப் பிரித்திருக்கும். கூகுள் போட்டோஸில் இரண்டு குழுக்களுக்கும் ஒரே பெயரைக் கொடுங்கள். இருவரும் ஒருவரா என்று கேட்கும், ஆம் என்றால் சேர்த்துவிடும். பக்கவாட்டு முகங்களும் மங்கிய ஒளியில் எடுத்தவையும் அப்போதும் விட்டுப்போகலாம். அத்தகையவற்றுக்குக் குறுக்குவழி, அதே நாளில் எடுத்த தெளிவான படம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னும் பின்னும் பார்ப்பதே.

கேள்வி: படங்களுக்குத் தமிழில் குறிச்சொல் இட்டு வருகிறேன். ஆயினும் தேடும்போது பாதிப் படங்கள் வருவதில்லை. ஆங்கிலத்துக்கு மாறிவிடலாமா?
- வாசகர், சத்துவாச்சாரி

பதில்: மாற வேண்டியதில்லை, குறை மொழியில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. ஒரு நாள் ‘வேலூர்க் கோட்டை’ என்றும் மறுநாள் ‘வேலூர் கோட்டை’ என்றும் எழுதியிருப்பீர்கள். நமக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கோ அந்த ஒற்றெழுத்து இரண்டையும் வேறாக்கிவிடும். கெங்கையம்மன் - கங்கையம்மன், குடியாத்தம் - குடியேற்றம் ஆகியவையும் அப்படியே. இலக்கணம் சற்று முகம் சுளித்தாலும், ‘வேலூர்’, ‘கோட்டை’ என்று தனித்தனிச் சொற்களாக இடுவதே என் வழக்கம்.

மாவட்டப் பெயரைக் குறிச்சொல்லாக்காதீர்கள். வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. 2015இல் ஆற்காட்டில் எடுத்த படத்துக்கு ‘வேலூர் மாவட்டம்’ என்று இட்டிருந்தால், இன்று ‘ராணிப்பேட்டை’ என்று தேடும் உங்கள் மகனுக்கு அது கிடைக்காது. ஊர்ப் பெயர் போதும். ஃபோல்டருக்குப் பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களை முதலில் எழுதி, ஊரைப் பின்னால் எழுதினால் அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

பழைய மெமரி கார்டுகளை இப்போது சேர்ப்பவர்களுக்கு ஒன்று. பல கேமராக்களில் பட எண் 9999 வரை சென்று மீண்டும் 0001இல் தொடங்கும். ஆகவே வெவ்வேறு ஆண்டுகளின் இரு படங்கள் ஒரே பெயரில் இருக்கக்கூடும். நகலெடுக்கும்போது ‘ரீப்ளேஸ்’ செய்யவா என்று கணினி கேட்டால் மறுத்துவிட்டு, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.