ஓ.டி. பாக்கியை வைத்துக்கொண்டு சமூகப் பொறுப்பா?

கேள்வி: எனக்கு வயது 31. திருப்பூரில் அப்பாவின் பனியன் கம்பெனியில் கணக்கு வழக்கை நான்தான் பார்க்கிறேன். பிரைவேட் லிமிடெட். போன வருடம் முதல் முறையாக நிகர லாபம் 5 கோடியைத் தாண்டியது. அதனால் இந்த வருடம் சி.எஸ்.ஆர். (நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு) செலவு கட்டாயம், சுமார் 9 லட்சம் வரும் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். தாராபுரம் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் மறைந்த அம்மாவின் பெயரில் வகுப்பறை கட்டலாம் என்கிறார் அப்பா. ஆர்டர் கொடுக்கும் பையர்கள் கண்ணில் படுகிற மாதிரி, ஆர்டரும் லாபமும் கூடுகிற மாதிரி ஏதாவது செய்யலாம் என்கிறேன் நான். 'தர்மத்தில் லாபக் கணக்குப் பார்க்காதே' என்று சொல்லிப் பேச்சையே நிறுத்திவிட்டார். நாங்கள் மோசமான முதலாளிகள் இல்லை. தீபாவளிக்கு முன் போன ஷிப்மெண்டுக்கான ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பணம் 14 லட்சம் மட்டும் டைலர்களுக்குப் பாக்கி. அப்பாவுக்கு அது முழுதாகத் தெரியாது. அவர்களும் கேட்கவில்லை. பேமெண்ட் வந்ததும் கொடுத்துவிடுவேன். சி.எஸ்.ஆர். செய்தால் லாபம் கூடுமா, கூடாதா? அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்குத் தட்டுப்பட்டது அந்த 14 லட்சம்தான். தீபாவளி போய், பொங்கலும் போய்விட்டது. ஒன்றரை ஷிஃப்ட், இரண்டு ஷிஃப்ட் என்று மெஷினில் குனிந்து உட்கார்ந்து தைத்தவர்களின் பணம் இன்னும் உங்கள் கம்பெனிக் கணக்கில் கிடக்கிறது. அதைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டு, 9 லட்சத்துக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

ஏற்றுமதிக்கு முன் பேக்கிங் கிரெடிட் என்று கடன் வாங்கினால் பேங்க் வட்டி கேட்கிறது. நூல் கடன் கொடுத்தவர் தேதி தவறினால் போன் போடுகிறார். டைலர்கள் மட்டும் வட்டியும் கேட்காமல், தவணையும் கேட்காமல் உங்களுக்கு 14 லட்சம் கடன் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் ஏன் கேட்கவில்லை என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? கேட்டால் அடுத்த வாரம் வேலை இருக்குமோ என்ற பயம். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தால் தங்குகிற இடமும் போய்விடுமோ என்ற பயம். இங்கே வராத அந்தப் பணத்துக்குப் பதிலாக வெளியே வார வட்டிக்கு வாங்கியிருப்பார்கள். உங்கள் சௌகரியத்துக்கான வட்டியை அவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓ.டி.க்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். அந்த 14 லட்சம் இரட்டைக் கணக்கில் போட்டதுதானா என்று இன்றைக்கே ஒரு முறை சரிபாருங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. நிறுவனங்கள் செய்யும் சமூகச் செலவுக்கும் லாபத்துக்கும் என்ன தொடர்பு என்று உலகம் முழுக்க அரை நூற்றாண்டாக ஆராய்கிறார்கள். 2003இல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் 52 ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் இரண்டுக்கும் நல்ல தொடர்பு இருப்பதாகத் தெரிந்தது. ஆனால் அது இரண்டு பக்கமும் ஓடுகிற தொடர்பு. நல்லது செய்கிற கம்பெனிக்கு லாபம் வருகிறது. லாபம் வருகிற கம்பெனி கையில் மிச்சம் இருப்பதால் நல்லது செய்கிறது. எனவே 9 லட்சத்தைப் போட்டால் இத்தனை லட்சம் திரும்பி வரும் என்று யாராவது உங்களிடம் அட்டவணை காட்டினால் நம்பாதீர்கள்.

நம் நாட்டில் இது கட்டாயமானது 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவால். 500 கோடி நிகர மதிப்பு, 1000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் – இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டால் போதும். முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். இந்தச் சட்டம் வந்தபோது பங்குச் சந்தை என்ன செய்தது என்று ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. கட்டாயத்துக்குள் வந்த கம்பெனிகளின் பங்கு விலை சராசரியாக 4.1 சதவீதம் இறங்கியிருந்தது. உங்கள் கம்பெனி சந்தையில் இல்லைதான். இருந்தாலும் சட்டத்துக்காகச் செலவழிக்கிற பணத்தை முதலீட்டாளர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பது இதில் தெரிகிறது.

அப்படியானால் லாபம் எங்கேதான் வருகிறது? பெங்களூருவில் ஒரு பெரிய ஆடை நிறுவனத்தின் ஆலைகளில் பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சுத்திறன், நேரத்தைத் திட்டமிடுவது, சிக்கலைத் தீர்ப்பது என்று பயிற்சி கொடுத்தார்கள். யாருக்குப் பயிற்சி என்று குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பயிற்சி முடிந்து எட்டு மாதத்தில் கம்பெனிக்கு வந்த நிகர ஆதாயம் செலவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அதே ஆராய்ச்சியாளர்கள், தையல் தளத்தில் பழைய விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டபோது என்ன ஆனது என்றும் பார்த்தார்கள். சூடு குறைந்ததால், வெயில் நாட்களில் வழக்கமாக விழும் உற்பத்தி பெரும்பாலும் விழாமல் நின்றது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சொந்தத் தொழிலாளர்களுக்காகச் செய்கிற இந்த மாதிரிச் செலவு எதுவும் சி.எஸ்.ஆர். கணக்கில் வராது, விதி அப்படித்தான் சொல்கிறது. சி.எஸ்.ஆர். தொகையை வியாபாரச் செலவாகக் கழிக்கவும் வருமான வரிச் சட்டம் விடாது. கூலியோ கழியும். நீங்கள் ஆசைப்படுகிற லாபம் உங்கள் தையல் தளத்துக்குள்தான் இருக்கிறது. அங்கே கொடுக்க வேண்டியதை நிறுத்திவிட்டு வெளியே தேடுகிறீர்கள். பையர் கண்ணில் பட வேண்டும் என்கிறீர்களே, அந்தப் பையர் சார்பில் ஆடிட்டுக்கு வருகிறவர் முதலில் எடுப்பது வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும்தான். டைலர்களைத் தனியாக உட்காரவைத்தும் பேசுவார்கள். அப்போது இந்த 14 லட்சம் வெளியே வந்தால், எந்தப் பள்ளிக்கூடத்துப் போட்டோவும் ஆர்டரைக் காப்பாற்றாது.

செலவு மிச்சம் என்று கடமையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று உங்கள் ஊருக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயக்கழிவு நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணறு கெட்டது. கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயமே இல்லாமல் நீங்கள் பனியன் அனுப்ப முடியுமா? அன்றைக்கு ஊரே நின்றது உங்கள் அப்பாவுக்கு நன்றாக நினைவிருக்கும்.

அப்பாவையும் நான் விடப்போவதில்லை. தர்மத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது என்பது சரி. ஆனால் கூலி தர்மத்தில் சேராது, அது கடன். கம்பெனி முதலாளி அவர். ஓ.டி. பாக்கி முழுதாகத் தெரியாது என்றால், அவர் சம்பளப் பதிவேட்டைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று? ஆனாலும் பெரிய தப்பு உங்களுடையது. வீட்டுக்குள் அப்பாவிடம் மறைத்துக் கணக்கு எழுதுகிற பிள்ளை, 'அவருக்கு எப்படிப் புரியவைப்பது' என்று என்னிடம் கேட்கக் கூடாது. மனைவியின் பெயரைப் பள்ளிச் சுவரில் எழுத ஆசைப்படுகிற மனிதர், அந்தச் சுவருக்குப் பின்னால் டைலர்களின் கூலி நிற்கிறது என்று தெரிந்தால் சம்மதிப்பாரா? தெரியாமலே அவரைக் கையெழுத்துப் போட வைக்கப் பார்க்கிறீர்கள். குடும்பத் தொழில் என்றால் கணக்குப் புத்தகம் இரண்டு பேர் முன்னாலும் திறந்துதான் இருக்க வேண்டும்.

இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் அப்பா முன்னால் உட்காருங்கள். அவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் சொல்லுங்கள். வருகிற சனிக்கிழமை சம்பளத்தோடு பாக்கி முழுவதையும் ஒரே தவணையில் கொடுங்கள். யார் யாருக்கு எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு என்று சீட்டும் கொடுங்கள். இடையில் நின்றுபோனவர்களுக்கும் பணம் சேர வேண்டும். ஏற்றுமதிப் பேமெண்டுக்குக் காத்திருக்க வேண்டாம். சொந்தப் பணத்தைப் போடுங்கள், இல்லையென்றால் பேங்கில் வாங்குங்கள்.

அப்புறம் அப்பா சொன்னபடியே செய்யுங்கள். வகுப்பறை கல்விச் செலவில் வரும். கம்பெனி இயங்குகிற பகுதிக்கு முன்னுரிமை கொடுங்கள் என்று சட்டம் சொல்கிறது. தாராபுரமும் திருப்பூர் மாவட்டம்தான். தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் தனிக் கமிட்டி வேண்டாம், போர்டு தீர்மானம் போதும். கட்டுவதற்கு முன்னால் தலைமையாசிரியரிடம், பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை ஒழுங்காக இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். மார்ச் 31க்குள் வேலை முடியாது என்று தோன்றினால், அதைத் தொடர் திட்டமாகப் போர்டில் பதிந்து, மீதியை 30 நாளுக்குள் தனி பேங்க் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.