விவாகரத்துச் சமரசப் பேச்சுக்கு மாதச் செலவுக் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

"அடுத்த அமர்வுக்கு வரும்போது உங்கள் மாதச் செலவுப் பட்டியலைக் கொண்டு வாருங்கள்" என்று மத்தியஸ்தர் சொன்னதும் கை கால் ஓடவில்லை என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கல்யாணம் ஆனதிலிருந்து வரவு செலவெல்லாம் கணவர்தான் பார்த்தார். எதற்கு எவ்வளவு ஆகிறது என்றே தெரியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

நினைவிலிருந்து எழுத உட்காராதீர்கள். அப்படி எழுதினால் தினமும் கண்ணில் படுகிற செலவு மட்டும்தான் பட்டியலில் ஏறும். உங்கள் வங்கிக் கணக்கு, கிரெடிட் கார்டு இரண்டுக்கும் கடந்த 12 மாத அறிக்கையை எடுங்கள். மூன்று மாதம் போதாது. காப்பீட்டு பிரீமியம், வீட்டு வரி, பள்ளிக் கட்டணம் எல்லாம் வருஷத்தில் ஒன்றிரண்டு தடவைதான் வரும். அந்த மூன்று மாதத்துக்குள் அவை சிக்காமலே போகலாம். அவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கின் விவரம் வேண்டுமென்றால் வக்கீல் மூலமோ மத்தியஸ்தர் மூலமோ கேளுங்கள். அவருடைய கடவுச்சொல்லைப் போட்டு நீங்களாக எடுக்க வேண்டாம்.

அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்கள்: வாடகை, மளிகை, மருந்து, பெட்ரோல். இங்கே இரண்டு இடத்தில் தவறு நடக்கும். கார்டில் வாங்கிய துணியைத் துணிக் கணக்கில் எழுதிவிட்டு, கார்டு பில் கட்டியதையும் செலவாக எழுதினால் அதே பணம் இரண்டு தடவை ஏறிவிடும். இன்னொன்று, ஏடிஎம்மில் எடுத்த ரொக்கம். அது எங்கே போனது என்று எந்த அறிக்கையும் சொல்லாது. அதற்கு ஒரு மாதம் சின்ன நோட்டு ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அன்றன்றைக்கே எழுதுவதுதான் வழி. அப்படி எழுதிய ஒரு தாயின் நோட்டைப் பார்த்திருக்கிறேன். பஸ், தலைவலி மாத்திரை, பள்ளிக்கு வண்ண அட்டை, மறுபடி வண்ண அட்டை, செருப்புக்குத் தையல். அவர் முதலில் தயாரித்த பட்டியலில் இதில் ஒன்றுகூட இல்லை.

வாரத்துக்கு ஆகும் செலவை நாலால் பெருக்கினால் மாதச் செலவுதானே?

இல்லை. வருஷத்துக்கு 52 வாரம். நாலு வாரத்தை ஒரு மாதமாக எடுத்தால் 48 வாரத்துக்குத்தான் கணக்கு வரும். மீதி நாலு வாரம் எதை வைத்துச் சாப்பிடுவீர்கள்? 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுங்கள். வாரம் 1,500 என்றால் மாதம் 6,000 இல்லை, 6,500. வருஷத்துக்கு ஒரு தடவை வருவதை 12-ஆல் வகுத்துச் சேருங்கள். பத்து வருஷம் உழைக்கும் ஃப்ரிட்ஜின் விலையைக்கூட 120-ஆல் வகுத்து ஒரு வரி எழுதலாம். அது என்றைக்காவது பழுதாகத்தான் போகிறது.

இப்போது நாலு பேருக்கு ஆகும் செலவில் பாதி, பிள்ளைகளோடு தனியாகப் போகும் எனக்குப் போதும் என்கிறார் கணவர். சரியா?

சரியில்லை. ஒரு வீடு இரண்டானால் செலவு பாதி பாதியாகப் பிரியாது. வாடகை, மின்சாரம், இணையம், அடுப்பு எல்லாமே இரண்டாகும். இதை அளக்க ஐரோப்பியப் புள்ளியியல் துறை பயன்படுத்தும் அளவுகோல் ஒன்று உண்டு. தனியாக வாழும் ஒருவரின் செலவை 1 என்று வைத்துக்கொண்டால், வீட்டில் முதல் பெரியவருக்கு 1, 14 வயது முதல் மேலே உள்ள மற்ற ஒவ்வொருவருக்கும் 0.5, 14 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 0.3. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் 2.1. பிரிந்தபின் பிள்ளைகளோடு இருப்பவர் வீடு 1.6, மற்றவர் வீடு 1, மொத்தம் 2.6. அதாவது அதே வசதியோடு வாழ ஏறக்குறைய 24 சதவீதம் கூடுதல் பணம் வேண்டும். பாதி என்று எடுத்தால் உங்கள் வீட்டுக்கு 1.05-தான், தேவையோ 1.6. இது தோராயமான அளவுகோல்தான், உங்கள் பட்டியலுக்கு மாற்று இல்லை. ஆனால் 'பாதி' என்ற பேச்சை நிறுத்த இது போதும்.

எப்படியும் குறைக்கத்தான் போகிறார்கள். கொஞ்சம் கூட்டி எழுதலாமா?

வேண்டாம். ஒரு வரி பொய் என்று தெரிந்தால், பில்லோடு காட்டிய மற்ற வரிகளையும் எதிர்த்தரப்பு நம்பாது. உண்மையைச் சொன்னால், கூட்டி எழுதுபவர்களைவிடக் குறைத்து எழுதுபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். தனக்கென்று ஒரு துணி, ஒரு பல் சிகிச்சை எழுதவே கூச்சப்படுகிறார்கள். பிள்ளைக்கு எழுதிவிட்டுத் தனக்கு எதிரில் பூஜ்யம் போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தத் தாளை வைத்துத்தான் உங்கள் அடுத்த பல வருஷ வாழ்க்கை பேசப்படும்.

இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். வாடகை இல்லை. என்ன எழுதுவது?

பட்டியலில் தொகை எழுதப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பத்தி போடுங்கள்: 'இப்போது', 'தனியாகப் போனபின்'. முதல் பத்தியில் வாடகை பூஜ்யம்தான். இரண்டாவதில், நீங்கள் குடிபோக நினைக்கும் பகுதியில் உங்களுக்குத் தேவையான அளவு வீட்டுக்கான இரண்டு மூன்று வாடகை விளம்பரங்களை இணைத்து அந்தத் தொகையை எழுதுங்கள். முன்பணம், வீடு மாற்றும் செலவு போன்று ஒரு தடவை மட்டும் வருவதை மாதச் செலவோடு கலக்காமல் தனியாகக் காட்டுங்கள்.

பிள்ளைகள் செலவைத் தனியாகக் காட்ட வேண்டுமா?

கட்டாயம். அது தனியாகப் பேசப்படும் விஷயம். வார இறுதியில் பிள்ளை மற்றவர் வீட்டுக்குப் போனால் சாப்பாட்டுச் செலவு கொஞ்சம் குறையும்; அவன் படுக்கும் அறைக்கு வாடகை குறையாது.

அவர் எதிரில் கணக்கைப் பேசவே பயமாக இருக்கிறது.

இதை முதல் அமர்வுக்கு முன்பே மத்தியஸ்தரிடமும் வக்கீலிடமும் தனியாகச் சொல்லிவிடுங்கள். இருவரையும் வேறு வேறு அறையில் உட்கார வைத்து, மத்தியஸ்தர் மாறி மாறி வந்து பேசும் முறை உண்டு. அடி, மிரட்டல் இருந்த வீடு என்றால் சமரசப் பேச்சே உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். அப்படி மறுப்பதில் தப்பே இல்லை.

எல்லாம் கூட்டினால் வருமானத்தைவிடச் செலவு அதிகமாக வருகிறது. அழித்துச் சரிக்கட்டட்டுமா?

அழிக்காதீர்கள். அந்தத் துண்டு விழும் தொகையைக் கடைசி வரியில் தெளிவாக எழுதுங்கள். ஜீவனாம்சமா, வீட்டைப் பிரிப்பதா, யார் எந்தக் கடனைக் கட்டுவது என்பதெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும். கையில் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்று மத்தியஸ்தருக்கு.