குயின்ஸ் போன்சாய்: வேரில் கட்டி, கிளையில் பூ இல்லை

வாசகர் கேள்வி: மூன்று வருடமாக ஒரு குயின்ஸ் (இளவேனிலில் பூக்கும் புதர்ச்செடி) போன்சாய் வளர்க்கிறேன். ஒவ்வொரு இளவேனிலிலும் தொட்டி மாற்றுகிறேன், குளிர்காலத்தில் வெட்டி வடிவம் கொடுக்கிறேன். பூ ஐந்தாறுக்கு மேல் வருவதில்லை. அடியிலிருந்து கன்றுகள் கிளம்பிக்கொண்டே இருக்க, மேல்கிளைகள் மெலிந்துபோகின்றன. இந்த முறை வேரில் பட்டாணி அளவு கட்டிகளைப் பார்த்தேன், அப்படியே திரும்ப நட்டுவிட்டேன். விற்றவர் ஒரு மருந்தை ஊற்றச் சொல்கிறார். மரம் பிழைக்குமா?

பதில்: பிழைக்கும், கட்டிகள் பக்கவேர்களில் மட்டும் இருந்தால். அந்த மருந்தை வாங்காதீர்கள். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் இது வேர்க்கழலை நோய் மாதிரி தெரிகிறது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, வெட்டுக்காயம் வழியாக உள்ளே போய் செடியின் திசுவையே கட்டியாக வளரவைக்கிறது. வந்த கட்டியைக் கரைக்கும் மருந்து எதுவும் கிடையாது. இருப்பதாகச் சொல்லி விற்கிறவரிடம் செடியும் வாங்காதீர்கள்.

காயம் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். இளவேனிலில் வேரை வெட்டுகிறீர்கள். அடுத்த வாரங்களில் மண் சூடாகிறது, கிருமிக்கும் அதுதான் கொண்டாட்டம். ஆறாத காயத்தோடு வேர் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் ஜப்பானில் அனுபவசாலிகள் குயின்ஸுக்கு இலையுதிர்காலத்தில் தொட்டி மாற்றுகிறார்கள். வெயில் தணிந்து மண் குளிரும்போது கிருமி அடங்கிவிடும், ஆனால் குயின்ஸ் வேர் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். குளிர் இறுகுவதற்குள் காயம் ஆறிவிடும். பைனுக்கும் மேப்பிளுக்கும் எழுதிய இளவேனில் அட்டவணையை எல்லாச் செடிக்கும் அப்படியே அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அதை நம்பி மரத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும், கோபம் வருகிறது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: இலையுதிர்காலம் வரை வேரைத் தொடாதீர்கள். அப்போது எடுத்துப் பழைய மண்ணை முழுக்கக் கழுவி அப்புறப்படுத்துங்கள். அதை வேறு தொட்டிக்குப் போடவே கூடாது, கிருமி மண்ணில் வருடக்கணக்கில் தங்கும். கட்டியுள்ள வேரை, கட்டிக்கு மேலே நல்ல வேர்ப்பகுதியோடு சேர்த்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரியை ஆல்கஹாலில் துடையுங்கள். மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். தண்ணீர் தேங்காத புது மண்ணில் நட்டு, அந்தக் குளிர்காலம் முழுக்க உறைபனி படாத இடத்தில் வையுங்கள். தண்டின் அடியையே கட்டி சுற்றி வளைத்திருந்தால் மரத்தை விட்டுவிடுங்கள், அதிலிருந்து பதியனும் எடுக்காதீர்கள். இனி வருடா வருடம் தொட்டி மாற்றவும் தேவையில்லை, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும்.

அடுத்து, பூ. குளிர்கால வெட்டில்தான் அது போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த இளவேனிலுக்கான மொட்டு கோடையிலேயே, முதிர்ந்த கிளையில் உருவாகிவிடும். இலை உதிர்ந்தபின் கிளையைக் கண்ணருகே கொண்டுவந்து பாருங்கள்: கணுக்களில் உருண்டையாக, இரண்டு மூன்றாகக் கூடியிருப்பது பூமொட்டு. ஒல்லியாகக் கிளையோடு ஒட்டிக் கிடப்பது இலைமொட்டு. நீங்கள் வடிவம் என்று நினைத்து வெட்டிப் போட்டதில் பாதி அந்த உருண்டைகள்தான். கவாத்து செய்ய வேண்டியது பூ முடிந்த உடனே. பிறகு புதுத் துளிரை ஓடவிடுங்கள். கோடைத் தொடக்கத்தில் அது பச்சை மாறி முறுக்கேறியதும் இரண்டு கணு விட்டு வெட்டுங்கள். அதற்கப்புறம் கத்தரியை உள்ளே வையுங்கள். குளிர்காலத்தில் காய்ந்த குச்சியை எடுக்கலாம், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. சோஜூபாய் என்று ஒரு குட்டை வகை, பெயருக்கு நீண்ட ஆயுள் பிளம் என்று பொருள். இலை நகம் அளவுதான், குச்சிகள் நெருக்கமாக வரும், தண்டு இளமையிலேயே சொரசொரப்பாகும். வருடத்தில் பல தடவை பூக்கும், குளிர்காலத்திலும்கூட. அதனால் அதைக் கொஞ்சம் தாராளமாக வெட்டலாம், இலையுதிர்காலத்தில் இன்னொரு முறையும் வெட்டலாம், மொட்டு போனாலும் மறுபடி வரும். ஆனால் சோஜூபாய் தண்டு பருக்கப் பல வருடம் ஆகும். கட்டைவிரல் பருமனில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். சாதாரணக் குயின்ஸுக்கு இந்தப் பெயரை ஒட்டி விற்பது இன்று சர்வசாதாரணம். தாவரப் பெயரே இல்லாமல் 'போன்சாய்' என்று மட்டும் எழுதி விற்கிறார்கள், கேட்பார் இல்லை. பெயர் தெரியாத செடிக்கு எதைப் பார்த்து ஆலோசனை சொல்வது? சீனக் குயின்ஸையும் இதே பெயரில் தள்ளிவிடுகிறார்கள். தோல் உரிந்து வழவழப்பான ஒற்றைத் தண்டு இருந்தால் அது வேறு மரம், நான் இங்கே சொன்னது அதற்குப் பொருந்தாது. உங்களுடையது அடியில் கன்று விடுவதால் நம் குயின்ஸ்தான்.

அந்தக் கன்றுகள் இதன் பிறவிக் குணம். குயின்ஸ் ஒரு புதர், பலத்தை எப்போதும் அடிக்கே அனுப்பும். வளரவிட்டால் மேல்கிளை பட்டினி கிடக்கும். விரலளவு நீளத்தில், இளசாக இருக்கும்போதே கிளம்பும் இடத்தில் பிடித்துப் பிய்த்துவிடுங்கள். கத்தரியால் வெட்டினால் அடியில் மிஞ்சிய மொட்டிலிருந்து மூன்றாகத் திரும்பி வரும். பல தண்டு வடிவம் பிடித்தால் நல்ல கன்றாக நாலைந்தைத் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள், குயின்ஸுக்கு அது அழகாகவே இருக்கும். கம்பி கட்டுவதானால் குச்சி இளசாக இருக்கும்போதே கட்டுங்கள். முற்றிய கிளை சட்டென்று ஒடியும்.

மரம் இப்போது பலவீனமாக இருக்கிறது. இந்த வருடம் காய் பிடித்தால் சிறிதாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள்.